எந்த வழியா வந்திய?

எமதர்மராஜாவே எருமையை வாசலில் கட்டிவிட்டு உள்ளே வந்தாலும், உட்காரச் சொல்லி, "எந்த வழியா வந்திய?" என்று விசாரிக்கக்கூடிய மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான் உண்டு. திருநெல்வேலி டவுணில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் இருக்கிறார். எமன் வாய் தவறி மேலப்பாளையம் வழியாக வந்ததாகச் சொல்லிவிட்டால் தொலைந்தார். "தெக்கேருந்துதான வாறிய? நாலுவழிச்சாலை வெண்ணெய் மாதிரி கெடக்கு. அதை விட்டுட்டு மாட்டுச் சந்தைக்குள்ள எருமையை ஓட்டிக்கிட்டு வருவாங்களாவே? எவனாவது விலை பேசிருந்தான்னா என்ன செய்வீரு?" என்று ஒரு பிடி பிடித்த பிறகுதான் காப்பியே வரும்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். ஊருக்கு அவர் நாலுவழி அண்ணாச்சி. ரத வீதியில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருந்தார். குத்துப்போணி வாங்க வருகிறவளிடம்கூட எந்த வழியாக வந்தாள் என்று கேட்டுவிட்டுத்தான் போணியை எடுத்துக் காட்டுவார். இத்தனைக்கும் அவரிடம் கார் கிடையாது. ஒரு கிழட்டு மொபெட். அதையும் டவுணை விட்டு வெளியே ஓட்டியதில்லை. "இந்தச் சவத்தைக் கொண்டுபோய் அந்த ரோட்டுல ஏத்துனா ரோட்டுக்குல்லா கேவலம்" என்பார்.

முன்பெல்லாம் மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிற எல்லா வண்டியும் எங்கள் ஊருக்குள் நுழைந்துதான் போகவேண்டும். லாரி, பஸ், கல்யாண வேன், சவ வண்டி எல்லாம் வண்ணார்பேட்டையில் வந்து முட்டிக்கொண்டு ஒன்றையொன்று ஏசிக்கொண்டிருக்கும். அப்புறம் நாலுவழிச்சாலை வந்தது. கயத்தாறு, கங்கைகொண்டான் என்று நேரே இறங்கி, தாழையூத்துப் பக்கம் ஊரை விட்டு ஒதுங்கி, தாமிரபரணியைத் தாண்டி, கே.டி.சி. நகரைத் தொட்டு, ரெட்டியார்பட்டி மலையைப் பிளந்துகொண்டு, பொன்னாக்குடி, நாங்குநேரி, வள்ளியூர் என்று தெற்கே போய்விட்டது. மலையை உடைத்த நாட்களில் அண்ணாச்சி மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, வெள்ளை வேட்டியும் குடையுமாகப் போய் நின்று பார்ப்பார். வேலையாட்கள் அவரைப் பெரிய ஆபீசர் என்று நினைத்து நாற்காலி போட்டார்கள். ஆபீசர்கள் அவரை அந்த மலைக்குச் சொந்தக்காரர் என்று நினைத்து வணக்கம் வைத்தார்கள். அண்ணாச்சி இரண்டையும் மறுக்கவில்லை.

ஏழாம் நம்பராக இருந்த அந்த ரோட்டை நாற்பத்துநாலாம் நம்பர் என்று மாற்றியபோது அவர் பட்ட துக்கம் கொஞ்சநஞ்சமல்ல. "வளந்து ஆளான பிள்ளைக்கு எவனாவது பேரை மாத்துவானாவே?" என்று தெருவில் வருகிறவன் போகிறவனையெல்லாம் நிறுத்திக் கேட்டார். இன்றைக்கும் அவருக்கு அது ஏழாம் நம்பர்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஊரில் உள்ளவர்கள் குற்றாலம் போவார்கள், திருச்செந்தூர் போவார்கள். அண்ணாச்சி, தன் சம்சாரத்தையும், அதாவது எங்கள் மயினியையும், மகள் கோமதியையும் டவுண் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கே.டி.சி. நகர் பாலத்துக்குப் போவார். புளிச்சோறும் துவையலும் கட்டிக்கொண்டு, பாலத்துக்குப் பக்கத்தில் வேப்பமரத்து நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்து வண்டிகள் போவதைப் பார்ப்பார்கள். "ஊர்ல எல்லாரும் அருவியைப் பாக்க போவுதாங்க, நாங்க லாரியைப் பாக்க போவுதோம்" என்று மயினி என் அம்மாவிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவள் புளிச்சோறு கிண்ட மறந்ததில்லை.

பஸ் சண்டையைச் சொல்லாவிட்டால் அண்ணாச்சி கதை முழுமையாகாது. மதுரையிலிருந்து வருகிற பைபாஸ் வண்டியில் வழக்கமாக என்ன சண்டை நடக்கும்? வண்டியை ஊருக்குள் விடச் சொல்லி ஜனங்கள் கத்துவார்கள், கண்டக்டர் மாட்டேன் என்பார். ஒரு தடவை நானும் அண்ணாச்சியும் வந்தபோது நல்ல மனசுக்காரக் கண்டக்டர் ஒருவர், "சரி, ஊருக்குள்ளயே போயிருவோம்" என்று சொல்லிவிட்டார். பஸ் முழுக்கச் சந்தோஷம். அண்ணாச்சி மட்டும் எழுந்து நின்றார்.

"என்னவே, பைபாஸ்னு போர்டை மாட்டிக்கிட்டு ஊருக்குள்ள போறேங்கேரு? போட்ட போர்டுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

"அண்ணாச்சி, எல்லாரும் டவுணுக்குத்தான போணும்? நீங்க எங்க போணும்?"

"நானும் டவுணுக்குத்தான் போணும்! அதுக்காக?"

அவ்வளவு பேரும் சிரிக்க, அவர் பிடிவாதமாகத் தாழையூத்திலேயே இறங்கி, தெற்கே போகிற இன்னொரு பைபாஸ் வண்டியைப் பிடித்து, கே.டி.சி. நகரில் இறங்கி, அங்கிருந்து டவுண் பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்தார். நான் குளித்துச் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டு எழுந்திருந்தேன். வந்தவர் என் வீட்டு வாசலில் நின்று, "பாத்தியா தம்பி, ரோடுன்னா அது ரோடு" என்றார்.

அவருடைய கேள்விக்கு நேரம் காலம் கிடையாது. என் அப்பா இறந்த அன்று மதுரை மாமா கதறிக்கொண்டே வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "அத்தான் என்னை விட்டுட்டுப் போயிட்டீயளே!" என்று அவர் அழ, அண்ணாச்சி பின்னாலிருந்து அவர் முதுகைத் தடவி ஆறுதலாக, "எந்த வழியா வந்திய?" என்றார்.

மாமா விம்மலோடு விம்மலாக, "கோவில்பட்டி வரைக்கும் நல்லாத்தான் வந்தோம்..." என்றார்.

"கயத்தாறுல காப்பி குடிக்க நின்னியளோ?"

"ஆமா, நின்னோம்."

"அங்கதான் தப்புப் பண்ணிட்டிய. கங்கைகொண்டான்ல ரோட்டுக்குள்ள வேலை நடக்கு. காலம்பறயே தாண்டிருக்கணும்."

மாமாவின் அழுகை நின்றுவிட்டது. பந்தலில் இருந்த நாலைந்து பேர் எழுந்து வந்து, எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளே அப்பா தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா, அழுத கண்ணோடு என்னைப் பார்த்து, "அப்பா இருந்தா இதைக் கேட்டுச் சிரிப்பாணி தாங்கமாட்டாக" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாராவது சிரிப்பார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை. அதற்காகவே அண்ணாச்சிக்கு நான் காலத்துக்கும் கடமைப்பட்டவன்.

இப்படி ஊரார் வழியையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்த மனிதருக்குச் சோதனை மகள் உருவத்தில் வந்தது. கோமதிக்குக் கல்யாண வயசு. ஜாதகம் வந்தது. மற்ற தகப்பன்மார் நட்சத்திரம் பார்ப்பார்கள், குணம் பார்ப்பார்கள், வேலை பார்ப்பார்கள். அண்ணாச்சி ரோடு பார்த்தார். சங்கரன்கோவில் மாப்பிள்ளையை, "ரோடு பூரா வேகத்தடை, பிள்ளைக்கு இடுப்பு ஒடிஞ்சிரும்" என்று தள்ளினார். ஏரல் மாப்பிள்ளையை, "வெள்ளம் வந்தா பாலத்துக்கு என்ன உத்தரவாதம்?" என்று தள்ளினார். தெருவே சிரித்தது. அப்புறம் அந்த மார்கழியில் பெருமழை பெய்து ஆறு ஊரை அடித்துக்கொண்டு வந்தபோது, ஏரல் பாலத்துப் பக்கம் ரோடு நிஜமாகவே அறுந்து போனது. அதற்குப் பிறகு அவரிடம் யாரும் வாயைத் திறக்க முடியவில்லை. "சொன்னேனா இல்லியா?" என்று பார்வையாலேயே கேட்பார்.

அந்த நேரத்தில்தான் திசையன்விளையிலிருந்து செந்திலின் ஜாதகம் வந்தது. பம்புசெட் கடை வைத்திருக்கிற பையன். அமைதியானவன். பெண் பார்க்க வந்தபோது, கோமதி கொடுத்த காப்பியில் சர்க்கரை போட மறந்திருந்தும் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுப் போனான். கோமதிக்குப் பிடித்துவிட்டது. அம்மாவிடம் வெட்கப்படாமல் சொல்லியும் விட்டாள். "இனிமே வேற ஜாதகம் வாங்காதீங்கம்மா" என்றாள்.

மாப்பிள்ளை வீடு பார்க்கக் கார் பிடித்துப் போனோம். நானும் அண்ணாச்சியும் மயினியும். ரெட்டியார்பட்டி மலைப் பிளவைத் தாண்டும்போது அண்ணாச்சி கண்ணை மூடிக் கும்பிட்டார். காரோட்டியின் போனில் வழி சொல்லிக்கொண்டு வந்த பெண் குரலோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தார். "ஏளா, ஒனக்கு நாங்குநேரி தெரியுமா? பேசாம இரு" என்று அதட்டியதும், சொல்லிவைத்தாற்போல அந்தக் குரல் கொஞ்ச தூரம் பேசாமல்தான் வந்தது. திசையன்விளைக்குத் திரும்புகிற விலக்கு வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரோட்டையே பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"என்ன அண்ணாச்சி?"

"போறது லேசு தம்பி. எடது கைப் பக்கம் சும்மா ஒடிச்சுட்டாப் போதும். வாரதைப் பாத்தியா? இந்த லாரி வார வரத்துக்குக் குறுக்க பாஞ்சுல்லா அந்தாக்ல அந்தப் பக்கம் போய் ஏறணும்."

"மேம்பாலம் வரப்போவுதுங்காங்களே. கல்லெல்லாம் நட்டு அளந்துட்டுப் போயிருக்காங்க."

"வரட்டும். வந்த பொறவு முகூர்த்தம் வச்சுக்கிடுவோம்."

காரோட்டி சிரித்துவிட்டான். "அண்ணாச்சி, பாலம் வாரதுக்குள்ள உங்க மகளுக்குப் பேரன் பொறந்திருவான்."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "மகளைக் கட்டிக் குடுக்கவனுக்குப் போறதா தம்பி முக்கியம்? வாரதுதான முக்கியம்" என்றார். அதுவரை ரோட்டுக் கோட்டி பிடித்த மனிதர் என்று மட்டுமே அவரை நினைத்திருந்தேன்.

திசையன்விளையில் நல்ல வரவேற்பு. முறுக்கு, அதிரசம், காப்பி எல்லாம் வந்தது. பையனின் தாய்மாமன் மீசையைத் தடவிக்கொண்டு நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். நான் மனதுக்குள் நெல்லையப்பரை வேண்டிக்கொண்டிருந்தபோதே அண்ணாச்சி பையனின் அம்மாவிடம் கேட்டுவிட்டார்.

"இங்கனருந்து திருநவேலிக்கு வரணும்னா எந்த வழியா வருவிய?"

அந்த அம்மாள் பதில் சொல்வதற்குள் தாய்மாமன் நிமிர்ந்தார். "என்ன அண்ணாச்சி இது? பொண்ணு இன்னும் வந்தே சேரலை, அதுக்குள்ள திருப்பிக் கூட்டிட்டுப் போறதுக்கு வழி கேக்கிய? இங்க வாழ அனுப்புதியளா, விருந்துக்கு அனுப்புதியளா?"

"ரெண்டுக்குந்தான்" என்றார் அண்ணாச்சி.

முறுக்கை யாரும் தொடவில்லை. திரும்பி வரும்போது அந்த விலக்கில் எங்கள் கார் குறுக்கே கடக்கக் காத்து நின்றது. லாரி மேல் லாரியாக வந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி "பாத்தியா?" என்றுகூடக் கேட்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் கோமதி முன்கூடத்துத் தார்சாவில் வந்து நின்றாள். முகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்துவிட்டது.

"அப்பா, எனக்குக் கல்யாணம் ரோட்டோடயா, ஆளோடயா?"

மறுநாள் அண்ணாச்சி கடைக்கு ஒரு பெண் பத்தமடையிலிருந்து தவலை வாங்க வந்தாள். அவளிடம் எந்த வழி என்று கேட்காமலே தவலையை எடுத்துக் கொடுத்துவிட்டார் என்று பக்கத்துக் கடைக்காரர் பதறிப்போய் என்னிடம் வந்து சொன்னார். "மேலுக்கு ஏதும் முடியலையோ, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றார். திசையன்விளையிலிருந்தும் ஒரு தகவலும் இல்லை. மயினி என்னைக் கூப்பிட்டு, "நீங்களாவது சொல்லுங்க கொழுந்தனாரே, இந்த மனுசன் ரோட்டைக் கட்டிக்கிட்டு எம்பிள்ளை வாழ்க்கையைக் கெடுத்திருவாரு போலருக்கு" என்று அழுதாள். நான் என்னத்தைச் சொல்ல?

ஒரு மத்தியானம் செந்தில் தனியாக வந்து வாசலில் நின்றான். தாய்மாமனுக்குத் தெரியாமல் வந்திருக்கிறான் என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது. நான் எதிர்வீட்டிலிருந்து ஓடினேன். அண்ணாச்சி சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தவர், பழக்க தோஷத்தில், "வாங்க. எந்த வழியா வந்திய?" என்றார். கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"விலக்குல குறுக்க கடக்கலை மாமா" என்றான் செந்தில். "எடது பக்கம் திரும்பி, தெக்கே கொஞ்ச தூரம் போயி, அடுத்த பாலத்துக்கு அடியில பூந்து, அந்தப் பக்கம் ஏறி வந்தேன்."

"சுத்துல்லா?"

"சுத்துதான். ஆனா குறுக்க பாய வேண்டாம். கோமதியைக் கூட்டிட்டு வரும்போதும் அப்படித்தான் வருவேன்."

அந்த விலக்கில் சுற்றிப் போகிறவனை நான் பார்த்ததே இல்லை. எல்லாரும் குறுக்கே பாய்வார்கள், இல்லாவிட்டால் எதிர்த்திசையில் ஓரமாக வண்டியை விட்டுக்கொண்டு போவார்கள். அண்ணாச்சி உள்ளே திரும்பி, "ஏளா, மாப்பிள்ளைக்கு எலையைப் போடு" என்றார். மயினிக்கு மாப்பிள்ளை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கை கால் ஓடவில்லை.

அவன் போனபிறகு நான் மெல்லக் கேட்டேன். "அண்ணாச்சி, இது கோமதி போன்ல சொல்லிக் குடுத்த பதில் மாதிரி இருக்கே?"

"எனக்குத் தெரியாதாவே? அந்தப் பாலம் எங்கன இருக்குன்னு ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை அவளுக்குப் பாடம் எடுத்தவனே நான்தான். எவன் அப்படிச் சுத்தி வருவான்னுதான் பயந்தேன். சொல்லிக் குடுத்ததைக் கேட்டு நடக்கான் பாத்தியா, எனக்கு அது போதும்."

தாய்மாமனை அவரே போய்ப் பார்த்துச் சமாதானம் செய்தார். எப்படிச் செய்தார் என்று கேட்டதற்கு, "கன்னியாகுமரிக்குக் குறுக்குவழி ஒண்ணு சொல்லிக் குடுத்தேன், மனுசன் குளுந்துட்டாரு" என்றார். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் சாமி படத்துக்குப் பதில் நாலுவழிச்சாலை படம். அழைக்கப்பட்டவர்கள் பெண் பெயரை மறந்தாலும் பொன்னாக்குடியை மறக்க முடியாது. பெண்ணை அனுப்புகிற நேரத்தில் எல்லாரும் அழுதார்கள். அண்ணாச்சி அழவில்லை. காரோட்டியின் பக்கம் குனிந்து எங்கே பைய போகவேண்டும், எங்கே மிதிக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கார் போனபிறகு, மண்டபத்து வாசலிலேயே நின்று, "மலையைத் தாண்டிருப்பா... இப்ப பொன்னாக்குடி..." என்று தனக்குத்தானே முணுமுணுத்தார்.

இரண்டாம் நாள் மறுவீடு. எங்கள் பக்கம் மறுவீடு என்றால் சொதிதான். தேங்காய்ப்பால் எடுத்து, முருங்கைக்காயும் கிழங்கும் போட்டுக் காய்ச்சி, இஞ்சிப் பச்சடியும் அரைத்து வைத்துவிட்டார்கள். மத்தியானம் ஆகியும் பிள்ளைகளைக் காணோம். அப்போதுதான் யாருடைய போனிலோ செய்தி வந்தது. நாங்குநேரிப் பக்கம் லாரி ஒன்று கவிழ்ந்து ரோடு அடைத்துக் கிடக்கிறது, ஒரு காரும் அடிபட்டிருக்கிறது. கோமதிக்குப் போட்டால் போன் போகவில்லை. செந்திலுக்கும் போகவில்லை. மயினி சொதிச் சட்டியின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணாச்சி தெருமுனையில் போய் நின்றார். செருப்புப் போடவில்லை. நான் குடையைக் கொண்டுபோய்ப் பிடித்தேன். வள்ளியூரிலிருந்து மறுவீட்டுக்கு ரயிலில் வந்த சொந்தக்காரர் ஒருவர் ஆட்டோவில் வந்து இறங்கி, "வந்துட்டேன் அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வந்தவர் கேள்விக்காக ஒரு நிமிஷம் காத்து நின்றுவிட்டு, என்னைப் பார்த்து முழித்துவிட்டு உள்ளே போனார்.

கடைசியில் ஒரு கார் வந்தது. ரோட்டுப் புழுதி மண்டி, கண்ணாடியெல்லாம் செம்மண் அப்பிய கார். கோமதி இறங்கினாள். அப்பா முகத்தைப் பார்த்ததும் பயந்துபோனாள்.

"ஏசாதீங்கப்பா. விலக்குக்கு வரதுக்கு முன்னாலயே, ரோடு அடைஞ்சு கெடக்குன்னு சொன்னாங்க. நீங்க வேண்டவே வேண்டாம்னு சொன்ன அந்த மூலைக்கரைப்பட்டி ஒத்தை ரோட்டுலதான் வந்தோம். அங்கன போன் எடுக்கலை. அவங்க மேல தப்பு இல்ல, நான்தான்..."

அண்ணாச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒருவழியாகச் சொன்னார்.

"எந்த வழியா இருந்தா என்னட்டி. வந்துட்டல்லா."

அன்றைக்குச் சொதியை அவர் மூன்று தடவை வாங்கி ஊற்றிக்கொண்டார். மூன்றாவது தடவை வாங்கும்போது, மாப்பிள்ளை பக்கம் சாய்ந்து, "ஆமா, மூலைக்கரைப்பட்டியில எந்தப் பக்கம் ஒடிச்சிய?" என்று பைய ஆரம்பித்தார். வள்ளியூர்க்காரருக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

மேம்பாலம் இன்னும் வரவில்லை. வரும் வரும் என்கிறார்கள். நட்ட கல்லுக்குப் பக்கத்தில் எருக்கஞ்செடி முளைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணாச்சியும் மயினியும் புளிச்சோறு கட்டிக்கொண்டு இப்போது அந்த விலக்குக்குத்தான் போகிறார்கள். பாலம் ஆரம்பித்துவிட்டார்களா என்று பார்க்கப் போவதாகச் சொல்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து கோமதியும் செந்திலும் வந்துவிடுகிறார்கள் என்று மயினி சொன்னாள்.

நான் சென்னைக்கு வந்து சில வருஷமாகிறது. இங்கே அலுவலகத்துக்கோ வீட்டுக்கோ எவ்வளவு நேரம் கழித்துப் போனாலும், ஏன் தாமதம் என்றுதான் கேட்கிறார்கள். ஊருக்குப் போகும்போது மட்டும் கங்கைகொண்டான் தாண்டியதுமே மனசுக்குள் பதிலைத் தயார் செய்துகொள்கிறேன். எதிர்வீட்டு வாசலில் நின்று அவர் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஊர் வந்து சேர்ந்த மாதிரி இருக்கிறது.